திரும்பாதவன்

2008 பெப்ரவரி 11ஆம் திகதி திங்கட்கிழமை, ஹட்டனிலிருந்து அக்கரப்பத்தனைக்குப் போகும் பஸ் வீதியில், தேயிலைக்கு நடுவே பூட்டிக் கிடந்த ஒரு துரை பங்களாவில், காது கேளாத ஏழு இளைஞர்களுக்கு மென்பொருள் எழுதும் பயிற்சி தொடங்கியது. கணினிகள் எட்டு இருந்தன.

பயிற்சிக் காலம் மூன்றரை மாதம். முடிவில் கொழும்புக் கம்பனியொன்று பரீட்சை வைத்து நான்கு பேரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். மற்றவர்களுக்குச் சான்றிதழ் மட்டும். இதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள்.

தனுஜாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பிறவியிலேயே காது கேளாதவள். விடுதிப் பள்ளியொன்றில் சாதாரண தரம் வரை படித்துவிட்டு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அவள் பங்களாவுக்குப் புறப்பட்ட அன்று அம்மா நாகலெட்சுமி மகளின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, உதடுகளை அகல விரித்து மெதுவாகச் சொன்னாள். "கங்காணி வந்து கேட்டுட்டுப் போறாரு. கொழும்பு கெடைச்சா சரி. கெடைக்கலேன்னா ஜூன் மாசம் தோட்டத்துல பேரு பதிஞ்சிருவாங்க. அப்பறம் கொழுந்துக் கூடதான். வெளங்குதா?" தனுஜா நான்கு விரல்களை நீட்டிக் காட்டினாள். நான்கு பேரில் ஒருத்தி. அம்மா அந்த விரல்களை மடக்கிவிட்டு, டிபன் பெட்டியைக் கையில் திணித்தாள்.

வகுப்பு நடந்த கூடத்தின் தரை முழுவதும் பலகை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட இப்படிப்பட்ட தரையைப் போல வசதி வேறில்லை. குதிகாலால் ஒரு குத்து. அதிர்வு பலகை வழியே ஓடி எல்லோருடைய பாதத்திலும் ஏறும். மற்ற ஆறு பேரும் திரும்புவார்கள். குத்தியவர் தனக்கு வேண்டியவரைக் கையால் சுட்டுவார்; மற்றவர்கள் முறைத்துவிட்டுத் திரைக்குத் திரும்புவார்கள். பக்கத்துத் தோட்டத்து கிஷாந்த் சும்மாவே குத்துவான். எல்லோரும் திரும்பியதும், "ஒன்னுமில்ல, உங்க மூஞ்சிகள பாக்கணும் போல இருந்திச்சி" என்று கைகளால் சொல்லிப் பல்லைக் காட்டுவான்.

படிப்பித்தவர் மகாலிங்கம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடம் நுவரெலியாப் பக்கம் வேலை செய்தவர். சைகை அரைகுறையாகத்தான் தெரியும். அவருடைய யாழ்ப்பாணத்து வாயசைவோ தனுஜாவுக்குப் பிடிபடவே இல்லை. அதனால் இருவருக்கும் நடுவில் ஒரு அப்பியாசக் கொப்பி எப்போதும் இருந்தது. வகுப்பு தொடங்கும்போது அவர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்வார். வயதானவர், மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மார்ச் 3ஆம் திகதி எட்டாவது கணினிக்கு ஆள் வந்தது. பெயர் விதுசன், வயது இருபத்தொன்று. ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் காது போனதாக வவுனியாவிலிருந்து ஒரு பாதிரியார் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். அவனுடைய சைகைகள் தடித்தும் தட்டுத்தடுமாறியும் இருந்தன. வடக்கில் அப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டார்கள். தனுஜாவுக்கு நேர் முன்னால் இருந்த மேசை அவனுக்குக் கிடைத்தது. அவள் திரையிலிருந்து கண்ணை உயர்த்தினால் அவன் பிடரி.

முதல் நாளே கிஷாந்த் அவனைக் கூப்பிடக் குதிகாலால் குத்தினான். ஆறு பேர் திரும்பினார்கள். விதுசன் திரும்பவில்லை. இன்னொரு குத்து, இன்னும் பலமாக. திரும்பவில்லை. கடைசியில் எழுந்துபோய்த் தோளைத் தொட வேண்டியிருந்தது.

"இவனுக்குக் காலும் செவுடுடா" என்றான் கிஷாந்த். அறை முழுவதும் சிரித்தது. புதியவர்களுக்கு வைக்கும் சைகைப் பெயரையும் அன்றே வைத்துவிட்டார்கள்: விரலால் கழுத்தின் பின்புறத்தைத் தொடுவது. பிடரி. அவனிடம் எல்லோருக்கும் தெரிந்தது அது ஒன்றுதானே.

தனுஜாவும் சிரித்தாள். ஆனாலும் ஏதோ ஒன்று இடறியது. பாதத்தில் ஏறும் அதிர்வைக் காதில்லாதவர் தவறவிட முடியாது. அது காதுக்குரிய விஷயமே அல்ல. குத்து விழும்போது அவள் அவனைக் கவனித்துப் பார்த்தாள். தெரியாதவன் கவனிக்காமல் இருப்பதுபோல அது இல்லை. அந்தக் கணத்தில் அவனுடைய முதுகு இறுகிப்போய், விரல்கள்கூட விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றன. பிறகு வேலை தொடர்ந்தது.

வெள்ளிக்கிழமைகளில் புள்ளிப் பட்டியல் கதவில் ஒட்டப்படும். அதுவரை தனுஜா நான்காவது. மார்ச் 14ஆம் திகதி ஒட்டிய பட்டியலில் விதுசன் நான்காவது, தனுஜா ஐந்தாவது. அதற்குப் பிறகு வந்த எந்தப் பட்டியலிலும் அந்த இரண்டு பெயர்களும் இடம் மாறவில்லை.

மார்ச் கடைசியில், பின்னேரம் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னல் உடைசல் வழியாக உள்ளே வந்து மேசைக் கால்களைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அவள் அந்தத் தோளைக் கண்டாள். அவள் விசைப்பலகையைப் பார்த்தே தட்டுவாள். ஒரு வரியில் பிழை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனால் திரையின் நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து தடுக்கும். நிமிரும்போதுதான் அதைக் காண்பாள். அன்று நிமிர்வதற்குள் கண்ணின் மேல் ஓரத்தில் வேறொன்று தெரிந்தது. விதுசனின் இடது தோள் ஊசி குத்தியதுபோல ஒருமுறை சுண்டியது. அவள் திரையைப் பார்த்தாள். பெட்டி வந்திருந்தது.

தற்செயல் என்று நினைத்துத் திருத்தினாள். பத்து நிமிடத்தில் இன்னொரு பிழை. தோள் சுண்டியது. நிமிர்ந்தாள். பெட்டி.

அவனுக்கு முதுகில் கண் இல்லை. அவள் திரை அவன் திரையோடு இணைக்கப்படவும் இல்லை. ஆனாலும் அவளுடைய பிழை அவளுக்குத் தெரியுமுன் அவன் உடம்புக்குத் தெரிந்தது.

மறுநாள் சோதித்துப் பார்த்தாள். வேண்டுமென்றே ஓர் அடைப்புக்குறியை விட்டாள், தோள். ஐந்து நிமிடம் ஒழுங்காக எழுதினாள், தோள் அசையவில்லை. மீண்டும் பிழை, தோள். ஒன்பது தடவை செய்தாள். ஒன்பது தடவையும் அது தவறவில்லை. பிறகு கவனித்தால், அவளுடைய பிழைக்கு மட்டுமல்ல. கிஷாந்த் தலையில் அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு நொடி முன்னால் அந்தத் தோள் சுண்டியது. ஏழு பேரின் பிழைகளும் ஒரு முதுகில் போய் விழுந்துகொண்டிருந்தன.

மதியச் சாப்பாட்டின்போது கிஷாந்திடம் சொன்னாள். அவன் ரொட்டியை வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்தான்.

"செத்துப்போன வெள்ளக்கார துரை அவன் மேல ஏறிட்டாருன்னு நெனைக்கிறேன். கணக்குல பிழை விட்டா துரைக்குப் பிடிக்காது."

"விளையாடாத. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது."

"ஏண்டி பயப்படுற? படத்துல பேய் வந்தா மொதல்ல சலங்கை சத்தம் வருமாம். எங்கக்கா சொல்லும். நம்மகிட்ட வந்தா பேய் கத்திக் கத்தித் தொண்டை வத்தி, போங்கடான்னு போயிரும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னேரம் மகாலிங்கம் பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, பேச்சுக்காகக் கொப்பியில் எழுதினாள்: சார், வெளியில போறப்ப பஞ்ச எடுக்கிறீங்க. வெளியிலதானே குளிரு?

அவர் சிரித்துக்கொண்டு எழுதினார்: குளிருக்கு இல்லைப் பிள்ளை. உந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியளின்ர சத்தம். பிழை விட்டால் ஒவ்வொருதரமும் உள்ளுக்கிருந்து 'கீ' எண்டு கத்தும். எட்டும் சேர்ந்து நாள் முழுக்கக் கத்தினால் என்ர தலை வெடிக்கும். உங்களுக்கென்ன, குடுத்து வைச்சனீங்கள்.

தனுஜா அதை இரண்டு தடவை வாசித்தாள். ஒன்றரை மாதமாக அவள் பிழைகள் ஒவ்வொன்றும் ஊருக்கே கேட்கக் கத்தியிருக்கின்றன என்று முதலில் வெட்கமாக இருந்தது. வெட்கம் அடங்கியதும் அந்தத் தோள் நினைவுக்கு வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். விதுசன் வெறும் கூடத்தில், அணைத்து வைத்த கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பிடரி அசையவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரல் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம், மற்றவர்கள் தேநீருக்குப் போயிருந்த நேரத்தில், அவன் பின்னால் தன் இடத்திலிருந்து ஒரே பிழையைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். தோள் சுண்டியது, சுண்டியது, சுண்டியது. பன்னிரண்டாவது தடவை அவன் திரும்பினான். அவனாகத் திரும்பி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் வெளிறியிருந்தது.

அவள் கொப்பியை நீட்டினாள். உனக்குக் கேக்குது.

அவன் பேனையை வாங்கி எழுதினான்: அண்ணாவும் நானும் சைக்கிளில வந்தனாங்கள். வான் ஒண்டு நிண்டது. பின்னால இருந்து 'தம்பி' எண்டு கூப்பிட்டாங்கள். அண்ணா திரும்பினவர். நான் திரும்பேல்லை. என்னட்ட வர, காதைக் காட்டி வாயைக் காட்டினன். விட்டிட்டாங்கள். அவரை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்.

அடுத்த பக்கத்தைப் புரட்டி மேலும் எழுதினான்: அதுக்குப் பிறகு நான் ஒருதருக்கும் திரும்பிறேல்லை. அம்மா கூப்பிட்டாலும். எல்லாம் பழகிட்டுது. இந்தப் பெட்டியின்ர சத்தம் மட்டும் பழகுதில்லை.

இரண்டு தாள்களையும் கிழித்து நான்காக மடித்து வாயில் போட்டு மென்றான். அவள் பார்த்துக்கொண்டிருக்க, விழுங்கினான். பிறகு திரைக்குத் திரும்பிக்கொண்டான்.

அந்த ஆண்டு கொழும்பில் பஸ்களில் குண்டு வெடித்தபின், வெளியூரார் தங்கும் இடங்களையெல்லாம் பொலிஸார் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மே 22ஆம் திகதி வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஒரு சார்ஜனும் ஒரு கொன்ஸ்டபிளும் பங்களாவுக்கு வந்தார்கள். திங்கட்கிழமை பரீட்சை.

அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். எட்டுத் தமிழ்ப் பிள்ளைகள், எட்டுக் கணினி, ஒருவரும் வாய் திறக்கவில்லை. சார்ஜன் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் மகாலிங்கம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சார்ஜன் நம்பியதாகத் தெரியவில்லை. எட்டுப் பேரையும் கணப்பு இருந்த சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்துக் கணப்பு. நெருப்பு எரியும் குழியும், தணல் தெறித்துப் பலகை பற்றாமலிருக்க அதன் முன்னால் பதித்த ஒரு கருங்கல்லும். தனுஜா அந்தக் கல்லுக்கு வலப்பக்கம் நின்றாள், விதுசன் இடப்பக்கம். சுவரில் பூஞ்சணம் பூத்திருந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதத்தில் இடி விழுந்தது.

திரும்பினாள். கணப்போரம் சாத்தியிருந்த இரும்புக் கோலைச் சார்ஜன் அவர்களுக்குப் பின்னால் தரையில் போட்டிருந்தார். கிஷாந்த் திரும்பியிருந்தான். ஏழு பேரும் திரும்பியிருந்தார்கள். ஒரு பிடரி மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றது.

சார்ஜன் விரலால் எண்ணினார். மகாலிங்கத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அதை மகாலிங்கம் பிறகு தனுஜாவுக்கு எழுதிக் காட்டினார்: "மாஸ்டர், இங்க ஒரு செவிடு. ஏழு கள்ளன்."

கொன்ஸ்டபிள் வாசலில் நின்ற ஜீப்பைக் காட்டி ஏழு பேரையும் நகரச் சொன்னான். பூரணி என்ற பிள்ளை அழத் தொடங்கினாள். என்ன நடந்ததென்று தனுஜாவுக்கு அந்த நொடியில் முழுதாகப் புரிந்தது, மகாலிங்கத்துக்கும் புரிந்திருந்தது. பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் ஏழு பேரும் தப்பலாம். சொன்னால் அடுத்த கேள்வி அந்த எட்டாவது ஆளைப் பற்றியது. அவர் வாய் திறந்திருந்தது, உதடு அசையவில்லை. கண் தனுஜாவிடம் வந்து நின்றது. அவரும்தான் வெள்ளிக்கிழமைப் பட்டியலை எழுதுகிறவர். விதுசன் போய்விட்டால் ஐந்தாவது பெயர் நான்காவதாகும் என்பது இருவருக்கும் தெரியும்.

தனுஜா குதிகாலால் தரையில் ஓங்கிக் குத்தினாள். ஜீப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு பேரும் திரும்பினார்கள். சார்ஜனும் திரும்பினார். அவள் குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள், பிறகு தன் பாதத்தைக் காட்டினாள், பிறகு காதைக் காட்டிக் கையை விரித்தாள். சார்ஜனுக்கு விளங்கியது. அவர் தன் சப்பாத்துக் காலால் ஒரு உதை விட்டார். ஏழு பேரும் அவர் காலைப் பார்த்தார்கள். மீண்டும் உதைத்தார். மீண்டும் பார்த்தார்கள். அவர் சிரித்தே விட்டார்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கண் சுவரோரம் நின்ற பிடரிக்குப் போனது.

அவர் கேட்குமுன் தனுஜா நடந்துபோய் விதுசனின் மணிக்கட்டைப் பிடித்தாள். அது நனைந்த துணிபோல இருந்தது. ஒரு எட்டு வலப்பக்கம் இழுத்து அவனைக் கருங்கல்லின் மேல் நிறுத்தினாள். சார்ஜனைப் பார்த்து விரலைக் கல்லை நோக்கிக் குத்தினாள். இங்கேதான் நின்றான். கல்லில். கிஷாந்த் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். மகாலிங்கத்தின் உதடு அசையத் தொடங்கியது.

சார்ஜன் முட்டாள் அல்ல. விதுசனை அப்பால் தள்ளிவிட்டு, தனுஜாவையே கல்லில் ஏறிச் சுவரைப் பார்க்கச் சொன்னார்.

கல் வெறும் பாதத்தில் பனிக்கட்டிபோலக் குளிர்ந்தது. அந்தக் கல்லில் அதிர்வு ஏறுமா ஏறாதா என்று அவள் ஒருபோதும் சோதித்துப் பார்த்ததில்லை. எதிரே கணப்பின் கரிக்குழி. அதற்குள்ளிருந்து ஈரக் காற்று வந்தது. அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கோல் விழுந்துவிட்டதா, இன்னும் விழவில்லையா? பின்னால் ஆட்கள் இருக்கிறார்களா, ஜீப்பில் ஏற்றிவிட்டார்களா? திரும்பிப் பார்த்தால் தெரியும். திரும்பினால் முடிந்தது. பின்கழுத்தில் மயிர் ஒவ்வொன்றாக எழுந்தது. முழுப் பங்களாவும் அவளுக்குப் பின்னால் மெல்ல நெருங்கி வந்து மூச்சு விடுவதுபோல இருந்தது. இவன் எந்நாளும் இப்படித்தான் நிற்கிறான் என்று நினைத்தாள்.

தோளில் கை விழுந்தது. மகாலிங்கம். அவள் குதிகாலிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்புக் கோல் கிடந்தது. மூன்று தடவை போட்டாராம்.

சார்ஜன் எட்டுப் பெயர்களையும் எழுதிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பின்னேர வகுப்பு வழக்கம்போல நடந்தது. தனுஜா ஒரு வரியில் பிழை விட்டாள். பெட்டி வந்தது. விதுசனின் தோள் அசையவில்லை. கணினியில் கோளாறோ என்று மகாலிங்கத்தைப் பார்த்தாள். அவர் காதில் பஞ்சு இருந்தது, முகம் சுளித்தது. அவள் இன்னொரு பிழை விட்டாள். இன்னொன்று. அந்தத் தோள் சுவரைப்போல இருந்தது. அன்றும் அசையவில்லை, மறுநாளும் அசையவில்லை.

சனிக்கிழமை மகாலிங்கம் கொப்பியைக் கொண்டுவந்தார்: குசினியில அவனுக்குப் பின்னால நிண்டு பீங்கான் கோப்பையைப் போட்டு உடைச்சனான். கண் மடல்கூட ஆடேல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டன். பிறகு பாதிரியாற்ற கடிதத்தில கிடந்த அவன்ர அண்ணன்ர பேரைச் சொல்லியும் கூப்பிட்டன். பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு.

அவள் போய் அவன் முன்னால் நின்று, கேட்குதா என்று சைகையில் கேட்டாள். அவன் அவளை வெகு தூரத்திலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்தான். கையால் இல்லை என்றான். அந்தச் சைகை தடுமாறாமல், பிறவியிலேயே பழகியதுபோல வந்தது.

மே 26ஆம் திகதி பரீட்சை மூன்று மணி நேரம் நடந்தது. தனுஜா இரண்டு இடத்தில் பிழை விட்டாள். இரண்டு தடவையும் திரையைப் பார்க்காமல் முன்னால் இருந்த தோளைப் பார்த்துக்கொண்டிருந்து நேரத்தை இழந்தாள். பெறுபேறு வியாழக்கிழமை வந்தது. விதுசன் 74, நான்காவது. தனுஜா 71.

எல்லோரும் போன பிறகு மகாலிங்கம் அவளை இருக்கச் சொன்னார். கடிதத்தாளைக் கொப்பியின் மேல் வைத்து எழுதினார்: கம்பனிக்கு நான் அவனைப் பற்றி ஒரு வசனம் எழுதினால் அந்த இடம் உம்முடையது. அது காது கேளாத ஆக்களுக்கெண்டு ஒதுக்கினது. எழுதட்டோ? நீர் சொல்லும்.

தனுஜா வெளியே பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் விதுசன் வீதிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஒரு லொறி வளைவில் வந்து, அவனை உரசாத குறையாகக் கடந்து போனது. அவன் நகரவில்லை.

அவள் பேனையை வாங்கினாள். அவருக்குக் காது கேக்காது சார், என்று எழுதினாள்.

ஜூன் 2ஆம் திகதி நான்கு பேர் ஹட்டன் ஸ்டேஷனில் கொழும்பு ரயில் ஏறினார்கள். இரண்டாவது பயிற்சி வகுப்பு நடைபெறவில்லை. கணினிகளைக் கம்பனி திரும்ப எடுத்துக்கொண்டது. ஜூன் 9ஆம் திகதி, கொழுந்து பறிக்கப் போகிறவர்களைப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் தனுஜாவின் பெயர் தோட்டப் பதிவில் ஏற்றப்பட்டது.